துரையின் இரத்தமா, நம்முடையதா?

பூனைக்கண்ணுக்குப் பின்னால்

மலைநாட்டில் டன்சினன், கிளென்லயன் என்று தோட்டங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் ஸ்கொட்லாந்துக்காரர்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டவரே. துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளில் பலர் பதிவேட்டில் தகப்பன் பெயர் ஏறாமலே வளர்ந்தார்கள். அந்த வழி வந்தவர்கள் கொழும்பிலும் உண்டு. கனடாவில் இருக்கும் மச்சான் எச்சிலில் மரபணு பார்க்கும் பரிசோதனைப் பெட்டி ஒன்றை அனுப்பினால் போதும், நுகேகொடை வீட்டில் ஆராய்ச்சி தொடங்கிவிடும். அம்மம்மாவின் சாம்பல் கண், பெரியப்பாவின் செம்பட்டை முடி எல்லாவற்றுக்கும் துரைதான் பொறுப்பாளி! ஆனால் பூட்டனிடமிருந்து நமக்கு வருவது சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபுதான். செம்பட்டையோ எண்ணெய் காணாத தலையிலும் வரும்.

உள்ளங்கையை மேசையில் வையுங்கள்

ஸ்கை தீவில் மக்ளவுட் குலத்தலைவர்களுக்குப் பரம்பரையாகப் பைக்குழல் ஊதிய மக்கிரிமன் குடும்பத்துக்கு ஒரு சாபம் இருந்ததாம்: விரல் மடங்கிப் போகும், குழலின் துளை எட்டாது. மருத்துவத்தில் இது டுப்புயிட்ரன் சுருக்கம். உள்ளங்கைத் தோலுக்கு அடியில் உள்ள சவ்வு தடித்துக் கயிறுபோல் திரண்டு, மோதிர விரலையும் சுண்டுவிரலையும் உள்ளே இழுக்கும். வலி பெரும்பாலும் இராது. அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. கையை மேசைமேல் குப்புற வையுங்கள். தட்டையாகப் படியாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். வட ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் இது நீரிழிவுக்காரரிடமும் வரும். ஆகவே நம்மவர் விரல் மடங்கினால், துரையைத் தேடுமுன் சீனி பார்ப்பது புத்தி.

இரும்பு சேரும் உடம்பு

சாப்பாட்டிலிருந்து தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சி ஈரல், இதயம், கணையம் என்று சேர்த்து வைக்கும் ஹீமோகுரோமடோசிஸ், ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் அதிகம். அதற்குக் காரணமான எச்.எஃப்.ஈ மரபணு 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் சி282வை என்ற மாற்றம் வடமேற்கு ஐரோப்பியருக்கே உரியது என்றுதான் நம்பினார்கள். 1999இல் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை சொன்னது: அதே மாற்றம் இலங்கையில் தனியாகவே தோன்றியிருக்கிறது. சுற்றியுள்ள மரபுத் தொடர் ஐரோப்பியருடையதோடு பொருந்தவில்லை. ஆக, இந்த மாற்றம் ரிப்போர்ட்டில் இருப்பதை மட்டும் வைத்து ஸ்கொட்லாந்துப் பூட்டனை நிரூபிக்க முடியாது. துரை வாசனையே இல்லாத குடும்பமும் இதிலிருந்து தப்பியது என்று சொல்ல முடியாது.

இந்த மாற்றத்தின் ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது. இரண்டு பிரதி இருந்தாலும் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. ஆண்களுக்கு நாற்பதுக்குப் பிறகும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகும் அறிகுறிகள் தெரியலாம்: தீராத களைப்பு, ஆட்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் வலி, தோல் கருமை, புதிதாய் நீரிழிவு.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறாமல்

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் கூடியதும் பலர் பயந்துவிடுகிறார்கள். ஈரலில் கொழுப்பு, மது, ஏதாவது அழற்சி இருந்தாலும் அது ஏறும். இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 45 சதவீதத்தைத் தாண்டினால்தான் மரபுச் சந்தேகம் வலுக்கும். இலங்கையில் பரம்பரை இரத்தக் கோளாறான தலசீமியாவையும் மறக்கக் கூடாது. தலசீமியாக் கடத்திகளின் சோகையை இரும்புச் சத்துக் குறைவு என்று எண்ணி, பரிசோதிக்காமலே மாதக்கணக்கில் இரும்புக் குளிசை விழுங்குவது நம் வீடுகளில் சர்வ சாதாரணம்.

ஹீமோகுரோமடோசிஸ் உறுதியானால் சிகிச்சை எளிது: தொடக்கத்தில் வாரம் ஒருமுறை சுமார் அரை லீற்றர் இரத்தம் எடுப்பார்கள். இரும்பு, விற்றமின் சி குளிசைகளும் மதுவும் விலக்கு. உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதியும் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால், அண்ணனுக்கு உறுதியான அன்றே தங்கைக்கும் இரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிடுங்கள்.