அடிப்பிடித்த பாத்திரம்: தெரபி எப்படி இயங்குகிறது?

பாயசம் அடிப்பிடித்துவிட்டால் அவசரக்காரர்கள் இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, கரண்டியை அடிவரை விட்டுக் கலக்குவார்கள்; தீய்ந்த வாடை பாயசம் முழுக்க ஏறிவிடும். இன்னொன்று, காய்ந்த பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்ப்பார்கள். கறையும் போகாது, பாத்திரமும் கீறிப்போகும். மனச்சோர்வில் கிடப்பவரிடம் நாம் சொல்லும் "எல்லாத்தையும் மறந்துட்டு ஜாலியா இரு", "உனக்கு என்ன குறைச்சல்?" எல்லாம் இந்தக் கம்பி நார் ரகம்தான். உளவியல் ஆலோசனை, அதாவது தெரபி, இதே பாத்திரத்தை வேறு வரிசையில் கையாள்கிறது.

கூடுவாஞ்சேரியில் கடனுக்கு ஃபிளாட் வாங்கிவிட்டு, தினமும் மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய்வரும் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சில மாதங்களாகத் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட எரிச்சல். சாப்பாடு ருசிக்கவில்லை. "வேலை டென்ஷன்" என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். அவர் முதன்முறையாக ஓர் ஆலோசகர் முன்னால் உட்கார்கிறார். என்ன நடக்கும்?

1. அடுப்பை அணைப்பது

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான். தூக்கம், பசி, குடிப்பழக்கம், வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பதெல்லாம் கேட்பார்கள். தைராய்டு குறைந்தாலும் சோர்வு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பலாம். "செத்துப்போய்விடலாம் என்று தோன்றியதுண்டா?" என்றும் நேரடியாகக் கேட்பார்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு அந்தக் கேள்வியே பெரிய ஆறுதல். ஆபத்து இருந்தால் மற்ற எல்லாம் பிறகுதான். முதலில் மனநல மருத்துவர்.

மாத்திரைக்கும் இங்கேதான் வேலை. அது தீயைத் தணிக்கிறது; மனச்சோர்வுக்கான மருந்து வேலை காட்டச் சில வாரங்கள் ஆகும். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேட்கலாம்.

2. தீயாததை எடுத்து வைப்பது

மேலே இருக்கும் பாயசம் இன்னும் நல்லதுதான். நம்மவருக்கு வாரத்தில் எந்த நேரம் கொஞ்சம் லேசாக இருக்கிறது, யாரோடு பேசினால் மூச்சு விட முடிகிறது என்று ஆலோசகர் தேடுவார். "மனசு சரியானதும் நடக்கப் போகிறேன்" என்பது நோயின் கணக்கு. தெரபியின் கணக்கு தலைகீழ்: முதலில் வீட்டுக்கு அருகே நந்திவரம் ஏரிப் பக்கம் கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், மனசு பின்னால் வரட்டும்.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வு நோயாளிகளிடம் இந்த முறையைச் சோதித்தார்கள். ஆலோசனை தந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அமர்வுகள் ஆறு முதல் எட்டு. மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் சோர்விலிருந்து மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த முடிவு இது.

3. ஊறவிடுவது

வாரம் ஒருமுறை, ஏறத்தாழ முக்கால் மணி நேரம். நம்மவர் பேசுவார், ஆலோசகர் "அப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்பார். அறிவுரை வராது. "காசு கொடுத்துப் பேசிட்டு வர்றேன், ஒண்ணும் மாறலையே" என்ற சலிப்பு வருவது இந்தக் கட்டத்தில்தான். பலர் நின்றுவிடுவதும் இங்கேதான். ஆனால் தண்ணீர் ஊற்றி வைத்த பாத்திரம் வெளிப்பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், அடியில் கறை இளகிக்கொண்டிருக்கும். ஆலோசகர்மேல் நம்பிக்கை எவ்வளவு ஊறியிருக்கிறதோ, பலனும் பெரும்பாலும் அதை ஒட்டியே அமைகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பல வாரம் கழித்தும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் இருந்தால் ஆலோசகரை மாற்றிக்கொள்ளலாம்; அதில் நன்றிகெட்டதனம் ஒன்றும் இல்லை.

4. மரக்கரண்டியால் சுரண்டுவது

இப்போது நோட்டும் பேனாவும் வரும். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய முறை இது. மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பியாயிற்று, பதில் இல்லை. நம்மவர் எழுதுகிறார். நடந்தது: பதில் வரவில்லை. தோன்றியது: "என்னை வேலையை விட்டு எடுக்கப்போகிறார்." பயம்: நூற்றுக்கு எண்பது. அடுத்த கட்டத்தில் இதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று எழுத வேண்டும். நிஜமாகவே ஆட்குறைப்பு நடக்கிறதென்றால் அதை மறைத்து "நல்லதையே நினை" என்று யாரும் சொல்லமாட்டார்கள். பேச்சு அடுத்த வேலைக்கு என்ன வழி என்பதற்குத் திரும்பும்.

பல வாரங்கள் எழுதியபின் ஒரே வரி வெவ்வேறு வேஷத்தில் வருவது நம்மவர் கண்ணில் படும்: "நான் சம்பாதிக்காவிட்டால் எனக்கு மதிப்பில்லை." அடியோடு ஒட்டியிருந்த படிவு இதுதான். இதை ஆலோசகர் முதல் நாளே ஊகித்திருக்கலாம். அன்றே சொல்லியிருந்தால் அது இன்னொரு அறிவுரையாகப் போயிருக்கும். தானே சுரண்டி எடுத்ததால்தான் அது தன்னைப் பற்றிய கண்டுபிடிப்பாகிறது.

5. ஏன் பிடித்தது?

ஒரே தீயில் அடிகனமான பாத்திரம் தாங்கும். மெல்லிய பாத்திரம் பிடித்துக்கொள்ளும். பரம்பரை, சிறுவயது அனுபவங்கள், நாள்பட்ட நோய் ஆகியவை அடிக்கனத்தைத் தீர்மானிக்கின்றன. அது யாருடைய குற்றமும் இல்லை. கடன் தவணை, தூக்கக் குறைவு, நெரிசல் பயணம் எல்லாம் தீ. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததுதான் கிளறாமல் விட்டது.

சில வீடுகளில் தீ வேறொருவர் கையில் இருக்கும். அடிக்கும் கணவன், சாதி சொல்லி அவமதிக்கும் அலுவலகம், வட்டிக்காரன் என இவர்கள் மூட்டும் தீயை நோட்டில் எழுதி அணைக்க முடியாது. அங்கே சட்ட உதவியும் பாதுகாப்பும்தான் முதலில் வேண்டும். "நீங்கள் பார்க்கும் விதத்தை மாற்றுங்கள்" என்று மட்டும் சொல்லும் ஆலோசகர் தன் வேலையைச் செய்யவில்லை.

6. மறுபடி அடுப்பில்

தெரபி ஆயுள் சந்தா இல்லை. பெக் முறை பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகளில் முடியும். கடைசி அமர்வுகளில் நம்மவர் தன் முன்னறிகுறிகளைத் தானே எழுதி வைத்துக்கொள்வார்: தூக்கம் தொடர்ந்து கெடுவது, போன் எடுக்காமல் இருப்பது, ருசி போவது. அடுத்த முறை வாடை வரும்போதே தீயைக் குறைக்க இது போதும்.

எங்கே போவது?

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு, நோயைப் பொறுத்து, சிகிச்சையே கிடைக்கவில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து ரயில் ஏறினால் தெற்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னைப் பக்கம் 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அரசு செலவில் மனநல சிகிச்சை பெறுவது நம் உரிமை. நீங்கள் சொன்னதை ரகசியமாக வைப்பது சிகிச்சை தருபவர்களின் கடமை.

இன்று இரவே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி-மானஸ் எண் 14416; இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். தற்கொலை எண்ணம் இருந்தால், 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. ஆலோசகரிடம் போகத் தொடங்கியவர்கள் முதல் நான்கு அமர்வுகளையாவது முடித்துவிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுங்கள்.