குட்டி டிராக்டருக்குப் பின்னால் எதை மாட்டுவது?

கருவி வாங்கும் முன் நாட்களை எண்ணுங்கள்!

டிராக்டர் வீட்டுக்கு வந்துவிட்டது.

மாலை போட்டாயிற்று. சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. பாட்டி திருஷ்டி கழித்துவிட்டாள். தெருப்பிள்ளைகள் எல்லோரும் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த கேள்வி இதுதான்: "பின்னால் எதை மாட்டுவது?"

டிராக்டர் தானாக உழாது. அது இழுக்கும், தூக்கும், சுழற்றும். அவ்வளவுதான். உழுவதும், பார் போடுவதும், சுமப்பதும் பின்னால் மாட்டும் கருவியின் வேலை. டிராக்டரை மாடு என்று சொன்னால், கருவிதான் ஏர்!

"எல்லாவற்றையும் செட்டாக எடுத்தால் விலை குறையும்" என்று விற்பவர் சொல்வார். கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கொட்டகை ஓரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் கருவிகளைப் பாருங்கள். அவையும் ஒரு நாள் ஆசையோடு வாங்கியவைதான். கருவி துருப்பிடித்தாலும் கடன் துருப்பிடிப்பதில்லையே!

எதை வாங்குவது? எதை வாடகைக்கு எடுப்பது? தர்மபுரி மாவட்டத்து மண்ணை வைத்தே பார்ப்போம்.

குட்டி என்றால் எவ்வளவு?

சுமார் 15 முதல் 25 குதிரைசக்தி வரை உள்ளதைக் குட்டி டிராக்டர் என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவற்றின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 45 குதிரைசக்தி டிராக்டரோ சுமார் 2 டன் இருக்கும். குட்டியின் அகலம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

தர்மபுரிக்கு இது பொருத்தமான அளவு. இங்கே துண்டு துண்டான சிறு நிலங்கள் அதிகம். பெரிய டிராக்டர் திரும்பவே இடம் போதாது. மாமரங்களுக்கு நடுவே குட்டி டிராக்டர் புகுந்து வரும். 5 அடி இடைவெளியில் நட்ட கரும்பு இளசாக இருக்கும்போது, அந்த வரிசைகளுக்கு நடுவிலும் ஓடும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கன்றுக்குட்டியின் முதுகில் காளையின் சுமையை ஏற்ற முடியாது!

டிராக்டருக்கு மூன்று கை

டிராக்டரின் பின்பக்கம் பாருங்கள். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை இருக்கும். கருவியைப் பிடித்துத் தூக்கும் மூன்று முனை இணைப்பு இதுதான்.

இதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் காலத்து டிராக்டர்கள், மாடு இழுப்பதைப் போலக் கலப்பையை இழுத்துக்கொண்டு போயின. மண்ணுக்குள் கல்லோ வேரோ தட்டினால் கலப்பை நின்றுவிடும். டிராக்டரின் சக்கரம் நிற்காது. முன்பக்கம் குதிரை போல எழும்பி, ஓட்டுபவர் மீதே கவிழும். பலர் இப்படி உயிர் இழந்தனர்.

வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் இதற்கு வழி கண்டார். கருவியையும் டிராக்டரையும் மூன்று முனையில் இணைத்து, இரண்டையும் ஒரே உடல் போல ஆக்கினார். 1939-ல் ஹென்றி போர்டின் கம்பெனி தயாரித்த டிராக்டரில் இந்த அமைப்பு வந்தது. பிறகு உலகம் முழுவதும் பரவியது. இன்று பென்னாகரத்தில் ஓடும் டிராக்டரிலும் அதே மூன்று கைகள்தான்!

இரண்டே கேள்விகள்

கருவி வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இது வருஷத்தில் எத்தனை நாள் வேலை செய்யும்?

ஒரு கணக்குப் போடுவோம். கருவியின் விலை 80 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 வருஷம் உழைக்கும் என்றால், வருஷத்துக்கு 10 ஆயிரம். வட்டி 4 ஆயிரம். பழுது பார்க்க 2 ஆயிரம். ஆக 16 ஆயிரம் ரூபாய்.

அந்தக் கருவி வருஷத்தில் 4 நாள் மட்டும் ஓடினால், ஒரு நாள் செலவு 4 ஆயிரம் ரூபாய்! 32 நாள் ஓடினால் ஒரு நாளைக்கு 500 ரூபாய்தான். டீசல் செலவு தனி. கருவி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். நாட்கள்தான் வேறு.

இரண்டாவது கேள்வி: இந்த வேலை காத்திருக்குமா?

தர்மபுரியில் மானாவாரி நிலம் நிறைய உண்டு. ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல. ஒரு மழை பெய்தால், ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் கலப்பை வேண்டும். வாடகை வண்டி வரும்வரை ஈரம் நிற்குமா? நிற்காது!

காத்திருக்காத வேலைக்கு உரிய கருவி சொந்தமாக இருக்கட்டும். ஒரு வாரம் பொறுக்கக் கூடிய வேலைக்கு வாடகைக் கருவி போதும்.

முதல் இடம்: கொத்துக் கலப்பை

இரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் சொல்வது கொத்துக் கலப்பை. பெரிய டிராக்டருக்கு 9 கொழு உள்ளதை மாட்டுவார்கள். குட்டிக்கு 5 கொழு உள்ளது போதும்.

மழை ஈரத்தில் உழவு, களை அழிப்பு, மாந்தோப்பில் இடை உழவு - எல்லாவற்றுக்கும் இது ஒன்றே உதவும். கொழுக்களைத் தள்ளி மாட்டி இடைவெளியை மாற்றவும் செய்யலாம்.

ஒரு முக்கியமான விஷயம். இந்த மாவட்டத்துச் செம்மண்ணில் பல இடங்களில் கல் அதிகம். அப்படிப்பட்ட நிலத்துக்குச் சுருள் வில் பொருத்திய கொத்துக் கலப்பையே நல்லது. கல் தட்டினால் கொழு பின்னால் மடங்கி, கல்லைத் தாண்டியதும் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். வில் இல்லாத கலப்பையில் கொழு வளையும், அல்லது ஒடியும்.

இரண்டாம் இடம்: டிரெய்லர்

உழவு சில வாரங்களில் முடிந்துவிடும். சுமைக்கு முடிவே இல்லை! எரு போக வேண்டும். கேழ்வரகுக் கதிர் வர வேண்டும். பாலக்கோடு பக்கம் தக்காளிப் பெட்டி, அரூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கு. கோடையில் மாங்கன்றுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி. வருஷத்தில் அதிக நாள் ஓடுவது டிரெய்லராகவே இருக்கும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. குட்டி டிராக்டர் எடை குறைந்தது. இறக்கத்தில் பாரம் ஏற்றிய டிரெய்லர் அதைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைப்பகுதிக்காரர்கள் இதை மனத்தில் பதிக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன பாரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. இறக்கத்தில் குறைந்த கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

மூன்றாம் இடம்: பார் கலப்பை

மரவள்ளி, மஞ்சள், கரும்பு, தக்காளி ஆகிய எல்லாவற்றுக்கும் பார் பிடிக்க வேண்டும். சில கொத்துக் கலப்பைகளின் சட்டத்திலேயே பார் கொழுவை மாட்டிக்கொள்ளலாம். அப்படியானால் தனியாகக் கருவி வேண்டாம். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ரோட்டவேட்டர் வேண்டுமா?

எல்லோருக்கும் ஆசை இதன் மேல்தான். ஒரே ஓட்டத்தில் மண் பொலபொலவென்று மாவு போல ஆகிவிடும். காய்கறிப் பாத்திக்கும் நாற்றங்காலுக்கும் மிக நன்று. தண்ணீர் வசதி உள்ளவர், வருஷத்தில் பலமுறை பயிர் மாற்றுபவர் தாராளமாக வாங்கலாம். குட்டி டிராக்டருக்குச் சுமார் 3 அடி அகலம் உள்ளது பொருந்தும். சிலர் 5 அடி உள்ளதை மாட்டி விட்டு, "எஞ்சின் திணறுகிறதே" என்பார்கள். திணறாமல் என்ன செய்யும்?

ஆனால் மானாவாரி நிலத்தில் இதையே திரும்பத் திரும்ப ஓட்டக் கூடாது. மேலே சில அங்குலம் மட்டும் தூளாகும். அடிமண் இறுகிப் போகும். மழைநீர் கீழே இறங்காது. சரிவான நிலத்தில் தூளான மண் தண்ணீரோடு ஓடிவிடும். அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல் என்ற பழமொழியை இங்கே நினைக்க வேண்டும். கல் நிலத்தில் கத்திகளும் சீக்கிரம் போய்விடும்.

வாடகைக்கு எடுக்க வேண்டியவை

இறுகிய அடிமண்ணை உடைக்க உளிக்கலப்பை இருக்கிறது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைப் பரிந்துரைக்கிறது. சுமார் ஒன்றே கால் அடி ஆழத்துக்கு மேல் கீறும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். ஆனால் இதை இழுக்க 35 குதிரைசக்திக்கு மேல் வேண்டும். குட்டியால் ஆகாது. பெரிய டிராக்டரோடு வாடகைக்கு எடுங்கள். கோடையில் எந்த வாரம் செய்தாலும் சரிதான்.

மரவள்ளி, மஞ்சள் தோண்டும் கருவி, கதிரடிக்கும் இயந்திரம், தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரம் ஆகியவையும் இப்படித்தான். வருஷத்தில் சில நாள் வேலைக்கு எதற்குச் சொந்தம்?

வேளாண்மைப் பொறியியல் துறை கருவிகளை வாடகைக்கு விடுகிறது. கைப்பேசியில் உழவன் செயலி மூலம் பதிவு செய்யலாம். 2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் கீழ் வாடகை மையங்களும் உருவாயின. வாங்குவதற்கு மானியமும் உண்டு. ஆனால் முதலில் மனு, பிறகுதான் கொள்முதல். பணம் கட்டி வாங்கி விட்டு மானியம் கேட்டால் வீண் அலைச்சல்தான். சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

விதைப்புக் கருவியை மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். அது ஓடுவது சில நாள்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் தேவைப்படும். அண்ணன் தம்பி, பங்காளிகள் என்று இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கினால் நல்லது. யாருக்கு முதல் நாள் என்பதை மட்டும் மழைக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்!

கடையில் பார்க்க வேண்டியவை

1. டிராக்டரின் கைகளில் கருவியின் பின் சரியாகப் பொருந்துகிறதா? குட்டி டிராக்டர்கள் பலவற்றில் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல்பின் 19 மில்லிமீட்டர். உங்கள் டிராக்டரின் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள்.

2. கருவியின் எடையைக் கேளுங்கள். டிராக்டர் எவ்வளவு தூக்கும் என்பது அதன் புத்தகத்தில் இருக்கும்.

3. கருவியின் அகலம் சக்கரத் தடத்தை மூடுகிறதா? இல்லாவிட்டால் உழுத மண்ணைச் சக்கரமே மிதித்துவிடும்.

4. கத்தி, கொழு, பேரிங் ஆகியவை பக்கத்து ஊரில் கிடைக்குமா? ஒரு பேரிங்குக்காகப் பட்டம் தவறக் கூடாது.

5. உங்கள் நிலத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

ரோட்டவேட்டரைச் சுழற்றும் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று! சேலைத் தலைப்போ, வேட்டி நுனியோ, துண்டோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இராது. தண்டின் மீது உள்ள மூடியைக் கழற்றி எறியாதீர்கள். எஞ்சினை நிறுத்தாமல் கிட்டே போகாதீர்கள்.

பிள்ளைகளைச் சக்கர மூடியில் உட்கார வைத்து ஓட்டாதீர்கள். ஒரு குலுக்கல் போதும், விபரீதம் நேர. எதையாவது கட்டி இழுப்பதானால் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். மேல் கையில் கட்டினால், பெர்குசன் தடுக்க நினைத்த அதே விபத்து நடந்துவிடும்.

இனி அடுத்த வருஷம் இதே நாளில் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். கொழு தேய்ந்து வெள்ளி போலப் பளபளக்கிறதா? அந்தக் கருவி உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. புதுச் சாயம் அப்படியே இருந்து, ஓரத்தில் சிலந்தி வலை கட்டியிருக்கிறதா? அதற்கு நீங்கள் சோறு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!