சேவல் மங்கு

சேவல் மங்கைப் பார்க்காத மலேசியர் அரிது. கறுப்பு வால், சிவந்த உடல், பக்கத்தில் பெரிய பூ, வாழையிலை. மேருவில் என் பாட்டியிடம் நான்கு இருக்கின்றன. தோட்டத்துச் சீனர் கடையில் கடனுக்கு வாங்கியவையாம். தோட்டங்களை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது பல குடும்பங்கள் இவற்றைக் குப்பையில் போட்டுவிட்டன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கையால் வரைந்த பீங்கான் என்றதும் இங்கிலாந்துச் சேகரிப்பாளர்கள் சொல்லும் பெயர்களுள் ஒன்று கிளாரிஸ் கிளிஃப் (1899–1972). தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து 13 வயதில் வேலைக்குச் சென்றவர். விற்காமல் தேங்கிக் கிடந்த, குறையுள்ள பாத்திரங்களின் மீது பளிச்சென்ற முக்கோணங்களைத் தீட்டி, 1920களின் இறுதியில் 'பிசார்' வரிசையைத் தொடங்கினார். அவருடைய அரிய பாத்திரங்கள் இன்று ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விலைபோகின்றன. ஆனால், தூரிகை பிடித்தவர்கள் பெரும்பாலும் அவரிடம் பணிபுரிந்த இளம்பெண்கள். அடியில் இருப்பதோ கிளாரிஸின் பெயர். நம் மங்கின் அடியில் அதுகூட இல்லை. தென்சீனாவின் குவாங்டோங்கில், பிறகு 1950களிலிருந்து தாய்லாந்தின் லம்பாங்கில், சேவல் வரைந்த கைகள் யாருடையவை என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அதே சேவல் ஹாங்காங் ஏலத்தில் வேறு கதை சொன்னது. 15ஆம் நூற்றாண்டுச் சீன அரண்மனைக் கோழிக் கிண்ணம் ஒன்று 2014இல் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விற்றது. பாட்டியின் மங்குக்கு அந்த விலை வராது, ஆசைப்பட வேண்டாம்!

கைவேலையா, அச்சா என்று அறிவது எளிது. இரண்டு மங்குகளை அருகருகே வையுங்கள். சேவல்கள் இம்மியும் பிசகாமல் ஒன்றுபோல் இருந்தால் அது ஒட்டுப்படம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தாலும் அச்சுதான். கைவேலையில் வால் இறகு தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும்; ஒரு சேவலுக்கு இறகு கூடும், இன்னொன்றுக்குக் குறையும். விரலால் தடவினால் சாயம் இலேசாக மேடுதட்டும். காரணம், பழைய மங்குகளில் மெருகேற்றிச் சுட்ட பிறகு அதன் மேல் வரைந்து, குறைந்த சூட்டில் மறுபடியும் சுடுவார்கள். கிளாரிஸின் பாத்திரங்களும் இதே முறைதான்.

மேலே இருப்பதால் சாயம் தேயும். கம்பி நாரால் தேய்த்தால் முதலில் போவது சேவல்தான். பழைய சாயங்களில் ஈயம் இருக்கக்கூடும். ரசம், புளிக்குழம்பு போன்ற புளிப்பானவற்றை அவற்றில் ஊற்றாதீர்கள். அலமாரியில் வையுங்கள். யார், எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டு வாங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டு வையுங்கள்.