செம்பனைக் குலை சொல்லித்தரும் சக்திப் பாடம்

கோலசிலாங்கூர்: ஒளி, ஒலி, வெப்பம், இயக்கம், மின்சாரம் என்று சக்தியின் வடிவங்களைத் தொடக்கப்பள்ளி மாணவர்கள் வரிசையாக ஒப்பித்துவிடலாம். ஆனால், வீட்டு விளக்குக்குச் சக்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் சுவிட்சோடு நின்றுவிடக்கூடும். சக்தி அழிவதில்லை, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவமாக மாறுகிறது என்பதே இப்பாடத்தின் உயிர்நாடி.

இதை விளக்கத் தோட்டமே போதும். மரத்தில் இருக்கும் செம்பனைக் குலைக்கு அதன் உயரத்தால் நிலைச்சக்தி உண்டு. அறுத்ததும் அது இயக்கச் சக்தியாகிறது; தரையில் மோதும்போது ஒலியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. 10 மீட்டர் உயரத்தில் உள்ள 20 கிலோ குலையின் நிலைச்சக்தி சுமார் 2,000 ஜூல். அது, 10 வாட் எல்.இ.டி. விளக்கு 3 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக எரியத் தேவைப்படும் சக்திக்குச் சமம். இதைப் பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்தாலே போதும்.

ஆலையிலும் பாடம் தொடர்கிறது. எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் நாரும் கொட்டை ஓடும் கொதிகலனில் எரிக்கப்படுகின்றன. வெயிலைக் கொண்டு மரம் சேமித்த இரசாயனச் சக்தி வெப்பமாகிறது. அதில் உண்டாகும் நீராவி டர்பைனைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது.

இருட்டியதும் கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றோர பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிர்கின்றன. அவையும் இரசாயனச் சக்தியைத்தான் ஒளியாக்குகின்றன. வெப்பம் மிகமிகக் குறைவு. பழைய குண்டு பல்பு சுடும், மின்மினி ஏன் சுடுவதில்லை என்று வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.

பெற்றோரும் வீட்டில் காற்றாடி, சோற்றுப்பானை, தொலைக்காட்சி ஆகியவற்றைக் காட்டிக் கேட்கலாம். எந்தச் சக்தி எதுவாக மாறுகிறது என்று பிள்ளை சொந்தமாகச் சொன்னால், பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.