இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்! மைசூர் 'ராக்' ரசிகர்களின் ஓயாத வழக்கு

மைசூர் என்றதும் தசராவும், மல்லிகையும், வீணை சேஷண்ணாவும் நினைவுக்கு வருவது இயல்பு. இந்த அரண்மனை நகரில் மேல்நாட்டு 'ராக்' இசைக்கும் ஒரு ரசிகர் கூட்டம் உண்டு என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பரதநாட்டியம் பயின்று, நுண்ணுயிரியல் படித்துவிட்டு, கிடாரைக் கையில் எடுத்த ரகு தீட்சித் வளர்ந்தது இந்த ஊரில்தான். சிசுநாள ஷரீப் சாகிபின் 19-ம் நூற்றாண்டுப் பாடல்களைக் கிடார் இசையோடு பாடி, 2010-ல் பி.பி.சி. தொலைக்காட்சி வரை போனவர் அவர்.

ரசிகர் கூட்டம் பெரிதல்ல. ஆனால் விட்டுக் கொடுக்காத கூட்டம். காபிக் கடையில் இரண்டு பேர் சேர்ந்தால் போதும். கிடார், டிரம்ஸ், மேடை, ஒலிபெருக்கி என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். அந்தப் பேச்சில் தவறாமல் எழும் வழக்கு ஒன்று உண்டு. வயதாகிவிட்ட கலைஞரின் கச்சேரிக்குக் காசு செலவழித்துப் போகலாமா, கூடாதா?

"குரல் தளர்ந்து விட்டது, விரலில் பழைய வேகம் இல்லை. வீட்டிலிருந்து பழைய இசைத்தட்டைக் கேட்பதே மேல்" என்பது ஒரு கட்சி. "தட்டு எங்கும் போகாது, மனிதர் போய்விடுவார்" என்பது எதிர்க்கட்சி.

140 கிலோமீட்டர் யாத்திரை

உலகப் புகழ் பெற்ற பல குழுக்கள் வந்து இறங்கிய இடம் பெங்களூர் அரண்மனை மைதானம். ரோஜர் வாட்டர்ஸ் 2002-லும், ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-லும் வந்தார்கள். அயர்ன் மெய்டன் குழு இந்தியாவில் முதன்முதலாக வாசித்ததும் பெங்களூரில்தான். அது 2007 மார்ச்சில். மெட்டாலிகா 2011 அக்டோபரில் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு டெல்லியை அடுத்த குர்கானில் நடக்க வேண்டிய அவர்களது கச்சேரி ரத்தாகிவிட்டதால், பெங்களூரிலாவது நடக்குமா என்று ரசிகர்கள் தவித்துப் போனார்கள். நடந்தது.

மைசூர் ரசிகனுக்கு இதெல்லாம் சுமார் 140 கிலோமீட்டர் ரயில் பயணம். டிக்கெட் செலவு, பயணச் செலவு, சாப்பாட்டுச் செலவு. கடைசி ரயிலைத் தவறவிட்டால் விடியும் வரை பெங்களூர் ஸ்டேஷன் பிளாட்பாரமே கதி. ஆகவே வழக்கு வெறும் வாய்ப்பேச்சு அல்ல. மாதச் சம்பளக்காரனின் பாக்கெட்டைத் தொடும் விஷயம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் 1962-ல் லண்டனில் தோன்றிய குழு. பெங்களூர் வந்தபோது பாடகர் மிக் ஜாகருக்கு வயது 59. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்சுக்கு 61. 'தாத்தாக்கள் கச்சேரி' என்று கேலி பேசி வீட்டில் இருந்தவர்கள் உண்டு. வாட்ஸ் 2021 ஆகஸ்டில் தமது 80-வது வயதில் காலமானார். அன்று மிச்சம் பிடித்த பணத்தைப் போல் பத்து மடங்கு கொடுத்தாலும் அவர் வாசிப்பை இனி நேரில் கேட்க முடியாது.

சக்தி குழுவின் கதையும் அதுவே. ஆங்கிலேயக் கிடார் கலைஞர் ஜான் மெக்லாலின், வயலின் எல்.சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோர் 1970-களில் உலகை வலம் வந்த குழு அது. அதன் ஐம்பதாண்டு விழாப் பயணத்தில் 2023 ஜனவரியில் பெங்களூரில் கச்சேரி நடந்தது. மெக்லாலினுக்கு அப்போது 81 வயது. கிழவரைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்பட்டார்கள். ஆனால் 2024 டிசம்பரில் மறைந்தவர் 73 வயது ஜாகிர் உசேன்!

அஞ்சலிக் கச்சேரிகள்

மூத்த கலைஞர் மறைந்தால் இளைஞர் குழுக்கள் அஞ்சலிக் கச்சேரி நடத்துவது வழக்கமாகிவிட்டது. அதைக் குறை சொல்வதற்கில்லை. பெங்களூருக்குப் போக வசதியில்லாத கல்லூரி மாணவன் அந்தப் பாட்டுகளை மேடையில் கேட்க அதுவே வழி. வாசிப்பவனுக்கும் நல்ல பயிற்சி. ஒரே குறை, யாருக்காக வாசிக்கிறார்களோ அவர் காதில் அது விழாது.

மகாராஜா காட்டிய வழி

இந்த வழக்குக்கு மைசூரிலேயே பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அது 'ராக்' இசையைப் பற்றியது அல்ல. ஆனால் நியாயம் ஒன்றுதான். மகாராஜா ஜெயசாமராஜ உடையார் மேல்நாட்டு சங்கீதத்தில் ஊறியவர், பியானோ பயின்றவர். நிகொலாய் மெட்னர் என்ற ரஷ்ய இசைமேதை லண்டனில் நோயுற்று, உலகம் ஏறக்குறைய மறந்துவிட்ட நிலையில் வாழ்ந்து வந்தார். மகாராஜா 1940-களின் இறுதியில் பொருள் உதவி செய்து, மெட்னரையே பியானோ வாசிக்க வைத்து, அவர் படைப்புகளை இசைத்தட்டுகளாக வெளிவரச் செய்தார். நன்றியாக மெட்னர் தமது மூன்றாவது பியானோ கான்சர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்குச் சமர்ப்பணம் செய்தார். 1951-ல் மெட்னர் காலமானார். இரண்டு மூன்று ஆண்டு தாமதித்திருந்தால் அந்த விரல்கள் கிடைத்திருக்காது.

ஜெர்மன் மேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் லண்டனில் 1950 மே மாதம் அரங்கேறவும் மகாராஜாவே பொருளுதவி செய்தார். ஆனால் ஸ்ட்ராஸ் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே மறைந்து விட்டார். தம் பாடல்களை அவர் கேட்கவில்லை. ஒரே புரவலர், ஒன்று உரிய காலத்தில் சேர்ந்தது, மற்றொன்று சேரவில்லை.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. செம்மங்குடி சீனிவாசய்யர் தொண்ணூறு வயதிலும் மேடையேறியபோது, குரலில் நடுக்கம் இருக்கிறதே என்று யாரும் எழுந்து போகவில்லை. அடுத்த ஆண்டும் கேட்கக் கிடைக்குமோ என்ற ஏக்கத்தோடுதான் சபை உட்கார்ந்திருந்தது.

அடுத்த முறை பெங்களூரில் மூத்த கலைஞர் ஒருவரின் கச்சேரி என்று விளம்பரம் வந்தால், மைசூர் காபிக் கடைகளில் வழக்கு மறுபடி தொடங்கும். சம்பளமும் செலவும் கணக்கிடப்படும். ஆனால் ஒரு முறை கோட்டை விட்டவர்கள் இப்போது வாதாடுவதில்லை. முதலில் ரயில் நேரத்தைத்தான் கேட்கிறார்கள்.