பதின்மூன்றை எட்டு எழுத்தில் எழுதுவது

கணினிக்குள் 13 என்ற எண் ஏற்கெனவே இருமமாகத்தான் கிடக்கிறது. பிறகு அதை இருமமாக மாற்ற நிரல் எதற்கு? நம் கண்ணுக்குக் காட்டத்தான். திரைக்குப் போகவேண்டியது எண் அல்ல, எழுத்துகள். '0' என்ற எழுத்துக்கு ஆஸ்கி எண் 48, '1'க்கு 49. ஒரே பைட்டில் அடங்கியிருந்த எண், எழுத்துச் சரமானதும் 8 பைட்டை அடைத்துக்கொள்ளும். சி மொழியில் சரத்தின் முடிவைக் காட்டும் பூஜ்ய பைட்டையும் சேர்த்து 9. அந்த ஒன்பதாவதை மறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

பள்ளியில் படித்த வழி, இரண்டால் வகுப்பது. 13ஐ வகுத்தால் ஈவு 6, மீதி 1. அடுத்து ஈவு 3, மீதி 0. பிறகு ஈவு 1, மீதி 1. கடைசியில் ஈவு 0, மீதி 1. மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 1101. தாளில் இது சுலபம், நிரலில்தான் தொல்லை. மீதிகள் பின்னாலிருந்து வருவதால் சரத்தைத் திருப்பவேண்டும். 'எண் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை வகு' என்று எழுதிவிட்டு 0ஐக் கொடுத்தால் வகுத்தலே தொடங்காது, வெற்றுச் சரம்தான் மிஞ்சும்.

0 முதல் 255 வரையிலான எண்களுக்கு மேலிருந்து இறங்கும் வழியே எனக்குப் பிடித்தது. 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என எட்டுப் படிக்கற்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 13க்குள் 128 அடங்குமா? அடங்காது, 0. 64, 32, 16க்கும் அதே கதி. 8 அடங்கும், 1, மிச்சம் 5. அதில் 4 அடங்கும், 1. மிச்சமுள்ள ஒன்றில் 2 அடங்காது, 0. கடைசிக் கல் அடங்கும், 1. ஆக 00001101: இடமிருந்து வலமாகவே வந்துவிட்டது, முன்னால் நிற்கும் பூஜ்யங்களும் தொலையவில்லை. நிரலில் கழித்தல்கூட வேண்டாம். எண்ணை 7 இடம் வலப்பக்கம் நகர்த்தி, கடைசி பிட்டை மட்டும் எடுத்து, 48ஐக் கூட்டினால் முதல் எழுத்து. அடுத்து 6 இடம், 5 இடம் என்று இறங்கவேண்டியதுதான்.

எண் குறியில்லாததாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஜாவாவின் பைட் −128 முதல் 127 வரைதான் கொள்ளும். அதில் 200ஐத் திணித்தால் −56 ஆகிவிடும். அந்த மொழியிலேயே உள்ள இருமச் சார்பிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள்: 11001000க்கு முன்னால் 24 ஒன்றுகள் வரிசைகட்டி நிற்கும்.