ஆபரேஷனோடு முடிவதில்லை வைத்தியம்!

தென்னையிலிருந்து தவறி விழுந்தவர், பவர் டில்லரில் கால் சிக்கியவர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர்... எந்த ஊருக்குப் போனாலும் இப்படித் திண்ணையோடு முடங்கிப்போன ஒருவராவது இருக்கிறார். பெரும்பாலும் இவர்களுக்கு ஆபரேஷன் நடந்திருக்கும், மாத்திரையும் கிடைத்திருக்கும். கிடைக்காமல் போனது, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தர வேண்டிய பிசியோதெரபி.

வீட்டாரின் அலட்சியம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை இலவசம்தான். ஆனால், நடக்க முடியாதவரை டவுன் பஸ்ஸில் ஏற்ற முடியுமா? ஆட்டோ பிடிக்க வேண்டும். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. வாரத்துக்கு மூன்று நாள் வரச் சொன்னால், நடவு நேரத்தில் எந்தக் குடும்பத்துக்குத் தாங்கும்? இரண்டு வாரம் போய்விட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருவது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடி வருவார் என்பது பலருக்குத் தெரியவில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால், வட்டாரத்துக்கு ஒருவர் என்பதுதான் கணக்கு. ஒரு வட்டாரத்தில் சராசரியாக 30 ஊராட்சிகளுக்கு மேல் இருக்கின்றன. அவர் தினமும் வந்து கை காலை அசைத்துவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் கற்றுக்கொடுப்பார். மற்ற நாள்களில் வீட்டார்தான் செய்ய வேண்டும்.

கறவை மாடு எழ முடியாமல் படுத்துவிட்டால், வைக்கோலைப் பரப்பி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் புரட்டிவிடுகிறார்கள். ஒரே பக்கமாகக் கிடந்தால் சதையும் நரம்பும் கெட்டுவிடும் என்பது மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். ஆனால், அதே வீட்டில் பக்கவாதம் வந்த பெரியவர் நாள் முழுக்க மல்லாந்தே கிடப்பார். அவரையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும்.

தூக்கி உட்காரவைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு இறங்கி, கை தேறுவதற்கு முன்பே வலி நிரந்தரமாகிவிடும். உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். மாவுக்கட்டோ, புத்தூர் கட்டோ பிரித்த பிறகு மூட்டு விறைத்திருப்பது இயல்பு. எண்ணெய் தடவி முறுக்கி இழுப்பதால் அது சரியாகாது. சில சமயம் கூடிய எலும்பே விட்டுப்போகும். எவ்வளவு மடக்கலாம், எப்போது காலை ஊன்றலாம் என்பதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

நடைப்பயிற்சிக்குப் பெரிய கருவி தேவையில்லை. வாசலில் உறுதியான மரக்கால்களை நட்டு, இடுப்பு உயரத்தில் இரண்டு மூங்கில்களை இணையாகக் கட்டினால் போதும். முதலில் வீட்டில் கனமான ஆள் ஒருவர் அதில் சாய்ந்து பார்த்துவிட வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் வருகைக்கு ஊரில் உள்ள பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்துகொள்ளலாம். விவரம் கேட்க 104-க்கும் அழைக்கலாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டும் எக்ஸ்-ரேயும் கையில் இருக்கட்டும். அவர் வரும் நாளில், நோயாளியை தினமும் கவனித்துக்கொள்பவர், மருமகளோ பேரனோ, வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது முக்கியம். அனுமதி கேட்டு செல்போனில் படம்பிடித்துக்கொண்டால், எந்தப் பயிற்சி எத்தனை முறை என்ற குழப்பம் வராது.